பாலியூரித்தேன் சஸ்பென்ஷன் புஷ்களுக்கு எந்த கிரீஸ், எப்படிப் பூசுவது

சஸ்பென்ஷன் பாகங்கள் அசையும் மூட்டுகளுக்குள் மெத்தைபோல உட்காரும் வளையம்தான் புஷ். ரப்பர் புஷ்களைக் கழற்றிவிட்டுப் பாலியூரித்தேன் புஷ்களை மாட்டிய வண்டி, முதல் சில மாதங்கள் சத்தமில்லாமல் ஓடிவிட்டு, ஒரு மழைக்காலம் கடந்ததும் வேகத்தடைக்கு வேகத்தடை கிறீச்சிடத் தொடங்குவது இந்தப் புஷ்களைப் பற்றி அடிக்கடி காதில் விழும் புகார். "பாலி புஷ் போட்டா அப்படித்தான் சார் இருக்கும், போகப்போகப் பழகிடும்" என்று பட்டறையில் சொல்லி அனுப்பிவிடுவார்கள். நான் அதை ஏற்பதில்லை. புஷ் சரியான அளவில் அமைந்து, உள்ளே பூசிய கிரீஸ் பூசிய இடத்திலேயே இருக்கும்வரை பாலியூரித்தேன் சத்தம் போடுவதில்லை. ஆகவே கிரீஸைத் தேர்ந்தெடுக்கும்போது, அது எவ்வளவு வழுக்கும் என்பதற்கு முன்னால், மழைநீரும் ஓயாத அசைவும் சேர்ந்து இழுத்தாலும் அது அங்கேயே தங்குமா என்று கேட்க வேண்டும்.

ரப்பருக்கு வேண்டாத கிரீஸ் பாலிக்கு ஏன் வேண்டும்

தொழிற்சாலையிலிருந்து வரும் பெரும்பாலான லோயர் ஆர்ம் (சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் கீழ்க் கை) புஷ்களில் ரப்பர், நடுவே போல்ட் நுழையும் ஸ்லீவ் என்ற இரும்புக் குழாயோடும் வெளியிலுள்ள இரும்பு வளையத்தோடும் ஒட்டவைக்கப்பட்டிருக்கும். சக்கரம் மேலும் கீழும் போகும்போது எந்தப் பரப்பும் எதன்மீதும் உரசுவதில்லை. ரப்பர்தான் உள்ளுக்குள் முறுக்கிக்கொண்டு, பிறகு பழைய நிலைக்குத் திரும்புகிறது. உரசலே இல்லாத இடத்தில் கிரீஸுக்கு வேலை கிடையாது. அங்கே மினரல் ஆயில் கிரீஸைத் திணித்தால் ரப்பர் ஊறி, உப்பி, ஒட்டுவிட்டுப் போவதுதான் மிச்சம்.

பாலியூரித்தேன் புஷ்களின் அமைப்பு வேறு. கடைகளில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை இரண்டு பாதிகளாக வரும். இரு பக்கத்திலிருந்தும் ஆர்மின் கண்ணுக்குள், அதாவது புஷ் உட்காரும் துளைக்குள், தள்ளி, நடுவே ஸ்லீவைச் செருக வேண்டும். எதுவும் எதனோடும் ஒட்டப்பட்டிருக்காது. ஆர்ம் அசையும்போதெல்லாம் பாலியூரித்தேன், ஸ்லீவின் வெளிப்பரப்பின் மேல் உண்மையிலேயே வழுக்கிச் சுழல்கிறது. வண்டியில் இது ஒரு சிறிய பேரிங்தான். காய்ந்த பேரிங் என்ன செய்யுமோ அதையே இதுவும் செய்யும்: பரப்பு ஒரு கணம் பிடித்துக்கொள்ளும், விசை ஏறியதும் சட்டென்று விடும், மறுபடி பிடிக்கும். நொடிக்குப் பல நூறு முறை நடக்கும் இந்தப் பிடித்தலும் விடுதலும்தான் நம் காதில் கீச்சொலியாக விழுகிறது.

சுழற்சி ஸ்லீவின் மேல்தான் நடக்கும், ஆர்மின் கண்ணுக்குள் நடக்காது என்பதற்கும் காரணம் உண்டு. உராய்வு எதிர்க்கும் முறுக்குவிசை ஆரத்தோடு சேர்ந்து கூடும். ஸ்லீவின் வெளிவிட்டம் 20 மில்லிமீட்டர், புஷ்ஷின் வெளிவிட்டம் 40 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதே எடைக்கு உள்பரப்பில் வழுக்குவதற்குப் பாதி முறுக்குவிசை போதும். ஆகவே கிரீஸின் பெரும்பகுதி உள்துளைக்கே போக வேண்டும். இரு ஓரங்களிலும் உள்ள விளிம்புகள் பிராக்கெட்டில் உரசும் முகங்களுக்கும் அது தேவை. பலரும் மறந்துவிடும் இடம் அதுதான், கீச்சொலி பாதிக்கு மேல் பிறக்கும் இடமும் அதுவே என்பது என் எண்ணம்.

வளைவில் வண்டி அதிகம் சாயாமல் தடுக்கும் ஸ்டெபிலைசர் பாரைப் பிடித்திருக்கும் டி வடிவப் புஷ்களிலும் இதே கதைதான். அங்கே பாரே ஸ்லீவின் வேலையைச் செய்கிறது. ஆனால் இன்றைய கார்கள் சிலவற்றில் அந்தப் புஷ் ரப்பராகவே இருந்து, பாரோடு ஒட்டவைக்கப்பட்டும் வருகிறது. அதில் கிரீஸ் பூசக்கூடாது. இன்ஜின் மவுண்ட், கியர்பாக்ஸ் மவுண்ட் இடைவெளிகளில் செருகும் பாலியூரித்தேன் துண்டுகள் பெரிதாகச் சுழல்வதில்லை என்பதால், மாட்டும்போது எளிதாக நுழைவதற்கு ஒரு மெல்லிய பூச்சு போதும்.

மினரல் கிரீஸ் பாலியை அரித்துவிடுமா

"பெட்ரோலிய கிரீஸ் பட்டால் பாலி கரைந்துவிடும்" என்று திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. இது பாதி உண்மை. மண் தோண்டும் பொக்லைன் இயந்திரங்களின் ஹைட்ராலிக் சிலிண்டர்களில் ராடைச் சுற்றியுள்ள சீல்கள் பெரும்பாலும் பாலியூரித்தேனால் ஆனவை. அவை ஆண்டுக்கணக்கில் மினரல் எண்ணெயிலேயே ஊறிக் கிடக்கின்றன. எண்ணெய் பட்டதும் கரையும் பொருளாக இருந்தால் அது நடக்குமா?

சங்கதி என்னவென்றால், பாலியூரித்தேன் என்பது ஒரே பொருளின் பெயர் அல்ல. 1937-இல் ஜெர்மனியில் ஓட்டோ பையரும் அவர் குழுவினரும் உருவாக்கிய அந்த வேதியியலிலிருந்து மெத்தைப் பஞ்சும் வருகிறது, காலணி அடிப்பகுதியும் வருகிறது, நம் புஷ்ஷும் வருகிறது. புஷ் செய்யப் பயன்படும் வகைகளைப் பாலியெஸ்டர் வழி வந்தவை, பாலியீதர் வழி வந்தவை என்று இரண்டாகப் பிரிக்கலாம். பாலியெஸ்டர் வகை எண்ணெயையும் தேய்மானத்தையும் நன்றாகத் தாங்கும். ஆனால் வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் நீராற்பகுப்பு நடந்து, அதாவது தண்ணீர் அதன் மூலக்கூறுகளை உடைத்து, காலப்போக்கில் வெடித்து உதிரும். பாலியீதர் வகை தண்ணீருக்கு அசைந்து கொடுக்காது. எண்ணெயில் சற்று அதிகம் ஊறும். நம் கையிலுள்ள புஷ் எந்த வகை என்பதைப் பெட்டியின்மேல் யாரும் அச்சிடுவதில்லை. நிறத்தைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் இரண்டு வகைக்கும் தீங்கு செய்யாத கிரீஸாகத் தேடுகிறோம்.

மினரல் கிரீஸைத் தவிர்ப்பதற்கு இன்னும் வலுவான இரண்டு காரணங்கள் உண்டு. புஷ்ஷிலிருந்து வழியும் எண்ணெய் பக்கத்திலுள்ள ரப்பர்களைத் தொடும். பால் ஜாயின்ட் உறை, பிரேக் காலிப்பர் பின் உறை போன்றவற்றுள் பலவும் மினரல் எண்ணெய் பட்டால் உப்பிப்போகும் ரப்பர்களால் ஆனவை. புஷ்ஷுக்கு எதுவும் ஆகாமல் உறை கிழிந்தால் அதுவும் செலவுதான். அடுத்த காரணம் தண்ணீர். உதிரிபாகக் கடைகளில் எம்.பி. 3, ஏ.பி. 3 என்று கேட்டு வாங்கும் வீல் பேரிங் கிரீஸ், லித்தியம் சோப்பால் கெட்டியாக்கப்பட்டது. சீல் போட்ட பேரிங்குக்குள் அது நன்றாகவே உழைக்கும். இரு பக்கமும் திறந்து கிடக்கும் புஷ்ஷில் அதற்குப் பாதுகாப்பே இல்லை.

இதை நான் என் ஜிப்ஸியில் கற்றுக்கொண்டேன். அந்த வண்டியில் நான்கு சக்கரங்களுக்கும் லீஃப் ஸ்பிரிங் பட்டைகள்தான். ஒரு பட்டைக்கு மூன்று இடம் என்று பன்னிரண்டு இடங்களில் புஷ் உண்டு. முதல்முறை பாலி புஷ் மாட்டியபோது, கையில் இருந்த பேரிங் கிரீஸையே தாராளமாக அப்பினோம். ஐப்பசி மழை முடிந்து, பட்டையின் ஒரு முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கிளைக் கழற்றிப் பார்த்தால், அப்பிய கிரீஸ் காப்பி நுரை நிறத்தில் குழைந்து, மண்ணோடு சேர்ந்து விளிம்புக்கு வெளியே ஒதுங்கிக் கிடந்தது. ஷேக்கிள் பின்னின் மேல், எடை தாங்கும் பக்கத்தில், விரலால் தொட்டால் ஒட்டும் அளவுக்குக்கூட கிரீஸ் இல்லை. புஷ்ஷுக்கு ஒரு கேடும் வரவில்லை. கிரீஸ்தான் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தது.

சிலிக்கான் கிரீஸ், அதிலும் பிடிஎஃப்இ கலந்தது

இந்த வேலைக்கு முதலில் நான் கை நீட்டுவது, சிலிக்கான் எண்ணெயை அடிப்படையாகக் கொண்டு, பிடிஎஃப்இ (டெஃப்ளான்) நுண்துகள் கலந்த, கெட்டியான, கையில் இழைவிட்டு ஒட்டும் கிரீஸ். அமெரிக்காவின் எனர்ஜி சஸ்பென்ஷன், பிரிட்டனின் பவர்ஃப்ளெக்ஸ், ஆஸ்திரேலியாவின் சூப்பர்புரோ போன்ற நிறுவனங்கள் தங்கள் புஷ்களோடு பயன்படுத்தத் தனி கிரீஸையே விற்கின்றன. புஷ்ஷோடு சிறு பொட்டலம் வந்திருந்தால் மறு யோசனை இல்லாமல் அதையே பூசலாம். புஷ் எதனால் ஆனது என்பது செய்தவருக்குத்தான் தெரியும்.

சிலிக்கான் எண்ணெய் பாலியூரித்தேனின் இரு வகைகளுக்குள்ளும் எளிதில் ஊறுவதில்லை. சுற்றிலுமுள்ள ரப்பர் உறைகளையும் கெடுப்பதில்லை. தண்ணீரோடு கலக்காது. உறைகுளிரிலிருந்து 200 டிகிரி செல்சியஸ் வரை அதன் தன்மை பெரிதாக மாறுவதில்லை. புஷ்ஷே அவ்வளவு வெப்பத்தைத் தாங்காது என்பதால் அந்த வரம்பு நமக்குத் தேவைக்கு அதிகம். எண்ணெயைப் பிடித்துவைக்கச் சோப்புக்குப் பதிலாகப் பெரும்பாலும் நுண்ணிய சிலிக்கா தூள் சேர்க்கப்படுவதால், சூட்டில் உருகி ஓடுவதும் இல்லை. அதோடு கலக்கும் பிடிஎஃப்இ, நான்ஸ்டிக் தவாவின் மேல் பூசப்படும் அதே பொருள். எண்ணெய்ப் படலம் அழுத்தத்தில் பிதுங்கி மெலிந்துபோகும் கணத்தில், இடையே சிக்கிய இந்தத் துகள்கள்தான் பரப்புகளைப் பிடித்துக்கொள்ள விடாமல் தடுக்கின்றன. வெறும் சிலிக்கான் கிரீஸும் வேலை செய்யும். பிடிஎஃப்இ கலந்தது அதைவிட நீண்ட காலம் சத்தமில்லாமல் வைத்திருக்கும்.

சிலிக்கானுக்குக் குறைகளும் உண்டு. இரும்பின் மேல் இரும்பு உரசும் இடத்தில் அது மட்டமான மசகு. பால் ஜாயின்ட், வீல் பேரிங், பிராப்பெல்லர் ஷாஃப்ட் கிராஸ் ஆகியவற்றில் அதைப் பூசக்கூடாது. பிளாஸ்டிக்கும் இரும்பும் சேரும் இடம்தான் அதன் இடம். இன்னொன்று, சிலிக்கான் எண்ணெய் பரப்புகளின் மேல் மெல்லப் படர்ந்து பரவும் குணமுடையது. அது பட்ட இடத்தில் பெயின்ட் அடித்தால் மீன்கண் போன்ற குழிகள் விழும். ஆகவே டிங்கரிங், பெயின்டிங் வேலை நடக்கும் கொட்டகைக்குப் பக்கத்தில் இந்த வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம். அதே கையுறையோடு பிரேக் டிஸ்க்கைத் தொடவும் வேண்டாம்.

கடையில் கேட்கும்போது

சிலிக்கான் கிரீஸ் என்று கேட்டால், பத்தில் ஏழு உதிரிபாகக் கடைக்காரர்கள் காஸ்கெட்டுக்குப் போடும் சிலிக்கான் பசைக் குழாயை எடுத்து நீட்டுவார்கள். அது கிரீஸே இல்லை. காற்று பட்டதும் ரப்பராக இறுகிவிடும். மூடியைத் திறந்ததும் புளித்த காடி வாடை அடித்தால் அது அந்தப் பசைதான். சென்னை ரிச்சி தெரு போன்ற எலக்ட்ரானிக்ஸ் கடைகளுக்குப் போனால் வேறொரு குழப்பம்: டிரான்சிஸ்டருக்கும் ஹீட் சிங்க்குக்கும் இடையே தடவும் வெள்ளைக் களிம்பையும் சிலிக்கான் என்றே சொல்லிக் கொடுப்பார்கள். வெப்பத்தைக் கடத்துவதற்காக அதில் உலோக ஆக்சைடு தூளை அள்ளிக் கலந்திருப்பார்கள். புஷ்ஷுக்குள் போட்டால் அது உப்புத்தாள் போலத்தான் வேலை செய்யும்.

ஆகவே கேட்கும் முறையை மாற்றிக்கொள்ளலாம். பிரேக் காலிப்பர் பின்னுக்குப் போடும் சிலிக்கான் கிரீஸ், குழாய் வால்வுக்கும் ஓ-ரிங்குக்கும் போடும் சிலிக்கான் கிரீஸ், மின் இணைப்புகளுக்குப் போடும் டைஎலெக்ட்ரிக் கிரீஸ் என்று கேட்டால் சரியான அலமாரிக்குப் போவார்கள். மோலிகோட் 111 இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். வால்வுகளுக்காகச் செய்யப்பட்டது, கெட்டியானது, தண்ணீரில் எளிதில் போகாது. தொழிற்சாலைகளுக்கு மசகுப் பொருள் விற்பவர்களிடம் அது கிடைக்கும். காலிப்பர் கிரீஸ் எல்லாமே சிலிக்கான் வகை அல்ல என்பதால், குழாயின் பின்புறம் எழுதியிருப்பதைப் படித்துவிட்டே வாங்க வேண்டும்.

சிலிக்கான் கிடைக்காவிட்டால், பாலிஆல்ஃபாஓலிஃபின் என்ற செயற்கை எண்ணெயில் பிடிஎஃப்இ கலந்த சூப்பர் லூப் போன்ற கிரீஸ்கள் இரண்டாம் தேர்வு. பாலியூரித்தேனுக்கு அவை பொதுவாகத் தொல்லை தருவதில்லை. ஆனால் பிரேக் சீல்களில் பயன்படும் ஈபிடிஎம் ரப்பருக்கு ஆகாது. கால்சியம் சல்ஃபோனேட் கிரீஸ், படகுகளிலும் ஆலைகளிலும் தண்ணீருக்கு ஈடுகொடுக்கும் பேர் பெற்றது. அதன் அடிப்படை பெரும்பாலும் மினரல் எண்ணெய் என்பதால், சுற்றுப்புறத்தில் ரப்பர் உறை எதுவும் இல்லாத லீஃப் ஸ்பிரிங் ஷேக்கிள் போன்ற இடங்களில், அதுவும் புஷ் செய்தவர் மறுக்காவிட்டால் மட்டும், அதைப் பற்றி யோசிக்கலாம்.

கிராஃபைட் பற்றி ஒரு வார்த்தை. சில கருநிறப் புஷ்களில் வார்க்கும்போதே கிராஃபைட் தூளைக் கலந்திருப்பார்கள். அவற்றுக்கும் கிரீஸ் வேண்டும். கலந்த கிராஃபைட், கிரீஸ் தீர்ந்த பிறகு கைகொடுக்கும் சேமிப்பு மட்டுமே. அலுமினிய ஆர்ம் உள்ள வண்டியில் தனியாகக் கிராஃபைட் கிரீஸ் பூசுவது நல்லதல்ல. ஈரம் சேர்ந்தால் கிராஃபைட்டுக்கும் அலுமினியத்துக்கும் இடையே மின்வேதி அரிப்பு தொடங்கி, வெள்ளைப் பொடி பூத்து, ஆர்மின் கண் அரித்துவிடும்.

தொடவே கூடாதவை சில. துரு நீக்கும் ஸ்பிரேக்கள் பெரும்பாலும் ஆவியாகும் கரைப்பான். அடித்த அன்று சத்தம் நிற்கும், இருந்த கொஞ்சநஞ்ச கிரீஸையும் கழுவிக்கொண்டு போகும், மூன்றாம் நாள் சத்தம் இரட்டிப்பாகத் திரும்பும். சோப்புத் தண்ணீர் ரப்பர் புஷ்ஷைப் பிரஸ்ஸில் ஏற்ற உதவும். பாலி புஷ்ஷுக்குள் அது காய்ந்து போவதோடு ஸ்லீவில் துருவையும் கிளப்பும். பிரேக் ஆயிலும் அசிட்டோனும் தின்னரும் பாலியூரித்தேனை உண்மையிலேயே தாக்குபவை. துடைப்பதற்குக்கூட அவை வேண்டாம். தேங்காய் எண்ணெய் தடவியவரையும் பார்த்திருக்கிறேன். மார்கழிக் குளிரில் அது என்ன ஆகும் என்று நம் வீட்டுப் பாட்டிலே சொல்லும்.

விவரத்தாளில் பார்க்க வேண்டியவை

நல்ல நிறுவனங்கள் ஒவ்வொரு கிரீஸுக்கும் ஒரு விவரத்தாள் வெளியிடும். முதலில் பார்க்க வேண்டியது என்எல்ஜிஐ எண். கிரீஸின் கெட்டித்தன்மையைச் சொல்லும் எண் அது. 25 டிகிரி செல்சியஸில், பிசைந்த கிரீஸுக்குள் ஓர் உலோகக் கூம்பு எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதைப் பத்தில் ஒரு மில்லிமீட்டர் கணக்கில் அளக்கிறார்கள். 265 முதல் 295 வரை இறங்கினால் அது 2-ஆம் எண், 220 முதல் 250 வரை என்றால் 3-ஆம் எண். புஷ்களுக்கு 2 அல்லது 3 சரி. அதைவிட இளகியது வெயிலில் நிற்கும் வண்டியில் கசியும்.

அடுத்து, தண்ணீரில் கழுவப்படும் அளவு. ஏஎஸ்டிஎம் டி1264 என்ற சோதனையில், கிரீஸ் நிரப்பிய சுழலும் பேரிங்கின் மேல் 38 அல்லது 79 டிகிரி செல்சியஸ் வெந்நீரை ஒரு மணி நேரம் பாய்ச்சி, எத்தனை விழுக்காடு கிரீஸ் போயிற்று என்று எடை போடுவார்கள். இரண்டு கிரீஸ்களை ஒப்பிடும்போது ஒரே வெப்பநிலைக்கான எண்களை மட்டும் ஒப்பிட வேண்டும். ஒன்றில் 38 டிகிரியும் மற்றதில் 79 டிகிரியும் இருந்தால் அந்த ஒப்பீட்டுக்குப் பொருளில்லை. எண் எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்லது. அடிப்படை எண்ணெய், கெட்டியாக்கும் பொருள், திட மசகு என்ற மூன்று வரிகளையும் படித்துவிட்டால் மேற்கொண்டு விளம்பர வாசகங்களைப் படிக்கத் தேவையில்லை.

விவரத்தாள் கிடைக்காத கிரீஸுக்கு வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு. பட்டாணி அளவு கிரீஸை விரல்களுக்கிடையே வைத்துக்கொண்டு, குழாயடியில் ஓடும் தண்ணீரில் ஒரு நிமிடம் தேயுங்கள். பால் போல வெளுத்துக் குழைந்தாலோ விரல் சுத்தமாகிவிட்டாலோ அது வேண்டாம். தண்ணீர் முத்து முத்தாக உருண்டோடி, சோப்புப் போட்டும் விரல் வழுவழுவென்றே இருந்தால் அது தேறியது. புஷ்ஷை ஊறவைக்கிறதா என்று பார்க்க, பழைய பாலி புஷ் ஒன்றின் துண்டை வெர்னியரில் அளந்து, அந்தக் கிரீஸில் புதைத்து, மூடிய டப்பாவில் வெயில் படும் இடத்தில் இரண்டு வாரம் வையுங்கள். துடைத்து மறுபடி அளக்கும்போது அளவு ஏறியிருந்தாலோ, நகத்தால் அழுத்தினால் முன்னைவிட எளிதாகத் தடம் விழுந்தாலோ அந்தக் கிரீஸை ஒதுக்கிவிடலாம்.

பூசும் முறை

வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் போகக்கூடாது; சேஸிஸுக்கு ஸ்டாண்டு கொடுத்த பிறகே நட்டில் கை வைக்க வேண்டும். காயில் ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கும் ஆர்மாக இருந்தால், அதற்கான கருவியும் பழக்கமும் உள்ளவரிடமே விடுவது நல்லது.

புஷ்ஷை மாட்டுவதற்கு முன் ஸ்லீவைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். மசகு எவ்வளவு நல்லதானாலும், குழிவிழுந்த துருவின் மேல் அது நிற்காது. லேசான துரு என்றால் 600-ஆம் எண் தாளில் நீரோடு தேய்த்து, துடைத்து, காயவைத்துக்கொள்ளலாம். விரல் நகம் சிக்கும் அளவுக்குக் குழி இருந்தால் ஸ்லீவை மாற்றிவிட வேண்டும். ஆர்மின் கண்ணில் பழைய ரப்பரின் எச்சமும் வெட்டு விளிம்புகளும் இல்லாமல் அரம் போட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். சில புஷ்கள் பழைய புஷ்ஷின் வெளி இரும்பு வளையத்துக்குள் உட்காரும்படி செய்யப்பட்டிருக்கும். வளையத்தைப் பிரஸ்ஸில் தள்ளி எறிந்துவிட்டுப் பிறகு தேடாமல் இருக்க, கையேட்டை முன்கூட்டியே படித்துவிடுங்கள்.

இப்போது, கிரீஸைத் தொடும் முன்பே, புஷ்ஷையும் ஸ்லீவையும் ஒருமுறை காய்ந்த நிலையில் பொருத்திப் பார்க்க வேண்டும். இரு பாதிகளையும் ஆர்மில் முழுதாக அழுத்திய பிறகு, ஸ்லீவின் முனைகள் இரண்டு பக்கமும் புஷ்ஷின் விளிம்பைவிட மயிரிழை அளவாவது வெளியே நீண்டிருக்க வேண்டும். போல்ட்டை முறுக்கும்போது பிராக்கெட் கவ்விப் பிடிக்க வேண்டியது ஸ்லீவைத்தான். ஸ்லீவ் உள்ளே அமுங்கியிருந்தால் பிராக்கெட் பாலியூரித்தேனையே கவ்வும். ஆர்ம் இறுகும், விளிம்பு தேயும், கீச்சொலி வரும். எந்தக் கிரீஸாலும் அதைத் தீர்க்க முடியாது. கிரீஸை மூன்று முறை மாற்றியும் சத்தம் நிற்கவில்லை என்று என்னிடம் வந்த ஒரு வண்டியில் குறை இதுதான்; விளிம்பிலிருந்து ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தேய்த்து எடுத்ததும் சரியாயிற்று.

பிறகு பூசுங்கள். புஷ்ஷின் உள்துளையில் குறுக்கும் நெடுக்குமாக வரிப்பள்ளங்கள் வார்த்திருந்தால், அவை கிரீஸைச் சேமித்து வைப்பதற்காகத்தான். விரலால் அழுத்தி அந்தப் பள்ளங்களை நிரப்ப வேண்டும். பள்ளம் இல்லாத வழவழப்பான துளை என்றால், ஸ்லீவ் முழுவதும் வெள்ளைப் படலம் தெரியும்படி சீராகத் தடவுங்கள். விளிம்புகளின் வெளிமுகத்தில் தாராளமாகவே பூசலாம். அங்கே பிதுங்கி நிற்கும் கிரீஸ் வளையம் மண்ணையும் தண்ணீரையும் தடுக்கும் சீலாகவும் பயன்படுகிறது. ஆர்மின் கண்ணோடு சேரும் வெளிப்பரப்பில் மெல்லிய பூச்சு மட்டும் போதும். சில நிறுவனங்கள் அந்தப் பரப்பைக் காய்ந்தபடியே விடச் சொல்கின்றன, அப்படிச் சொன்னால் அப்படியே செய்யுங்கள். நடுத்தரப் புஷ் ஒன்றுக்கு ஒரு தேக்கரண்டி கிரீஸுக்கு மேல் நான் செலவழித்ததில்லை.

போல்ட்டின் தண்டுக்கும் ஸ்லீவின் உள்பக்கத்துக்கும் இந்தக் கிரீஸ் பொருந்தாது. அங்கே இரும்பும் இரும்பும் துருப்பிடித்து ஒன்றாகிவிடாமல் இருக்க, துருப்பிடிப்பைத் தடுக்கும் காப்பர் பசையைத் தண்டில் மட்டும் பூசலாம், மரையில் படவேண்டாம். மரை வழுக்கினால், டார்க் ரென்ச்சில் அதே எண் காட்டும்போதே போல்ட் வரம்பை மீறி இழுபட்டுவிடும்.

சக்கரங்கள் தரையில் இருக்கும் நிலையில் கடைசி முறுக்கு முறுக்குவது ரப்பருக்குக் கட்டாயம். சுதந்திரமாகச் சுழலும் பாலி புஷ்ஷுக்கு அது அவ்வளவு முக்கியமில்லை; ஆனால் வண்டியில் இரண்டு வகையும் கலந்திருக்கும் என்பதால் எல்லாவற்றுக்கும் அப்படியே செய்துவிடுவது தவறைத் தவிர்க்கும். பால் ஜாயின்ட்டை இணைப்பதற்கு முன் ஆர்மைக் கையால் தூக்கி விட்டுப் பாருங்கள். கெட்டியாக, ஆனால் இழைத்தாற்போல், அதன் முழு வீச்சிலும் நகர வேண்டும். நடுவில் எங்காவது தட்டித் தட்டி நகர்ந்தால் அங்கேயே கழற்றிவிடுங்கள். வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் பார்த்தாக வேண்டும்.

சத்தம் மறுபடி வந்தால்

எந்தப் புஷ் கத்துகிறது என்று கண்டுபிடிக்கத் தண்ணீரே போதும். ஒருவர் வண்டியின் மூலையைப் பிடித்து அமுக்கி அமுக்கி விட, மற்றவர் ஒவ்வொரு புஷ்ஷாகத் தண்ணீரைப் பீய்ச்ச வேண்டும். எந்தப் புஷ் நனைந்ததும் சத்தம் நிற்கிறதோ, மாறுகிறதோ, அதுவே குற்றவாளி. பெரும்பாலும் ஸ்டெபிலைசர் பாரின் டி புஷ்களில்தான் முதலில் சத்தம் வரும்; அவை தாழ்வாக இருப்பதால் சேறும் தண்ணீரும் நேரே அடிக்கின்றன. கிளாம்ப்பின் இரண்டு போல்ட்டுகளைக் கழற்றினால், பிளந்திருக்கும் புஷ்ஷை விரித்துத் துடைத்து, புது கிரீஸ் பூசி மாட்ட அரை மணி நேரம் போதும். மாட்டும்போது பார் பக்கவாட்டில் நகர்ந்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள்; வழுக்கும் கிரீஸ் போட்ட பிறகு பார் ஒரு பக்கமாக ஒதுங்குவது சில வண்டிகளில் உண்டு, அதற்குப் பாரின் மேல் ஒரு காலர் வளையம் போட வேண்டியிருக்கும்.

அடிக்கடி கழற்ற விரும்பாதவர்கள், ஷேக்கிளிலோ ஆர்மின் கண்ணிலோ துளையிட்டு, கன்னால் கிரீஸ் ஏற்றுவதற்கான சிறு முனையான கிரீஸ் நிப்பிள் வைப்பார்கள். புஷ்ஷின் உள்பக்கத்தில் கிரீஸ் ஓடுவதற்கு வாய்க்கால் இருந்தால்தான் அது பயன்படும். வாய்க்கால் இல்லாத புஷ்ஷில் நிப்பிள் வைத்தால், கன் அழுத்தும் கிரீஸ் எளிதான வழியைத் தேடி வெளிப்பரப்பு வழியாகவே வெளியேறும். எடை தாங்கும் ஆர்மில் கண்டபடி துளையிடுவது பாதுகாப்புக்கும் நல்லதல்ல. நிப்பிள் வைத்தவர்கள் அதில் எந்தக் கிரீஸ் போக வேண்டும் என்று ஒரு துண்டுத் துணியையோ வண்ணத்தையோ அடையாளம் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த சர்வீஸில் பையன் கன்னில் இருக்கும் பேரிங் கிரீஸை அதே நிப்பிளில் அடித்துவிடுவான். சிலிக்கானும் லித்தியம் சோப்பும் ஒன்றோடொன்று சேராமல் பிரிந்து, இரண்டும் வழிந்துபோகும்.

சென்னை, கடலூர், நாகப்பட்டினம் என்று வடகிழக்குப் பருவமழை வெளுத்து வாங்கும் கடற்கரை ஊர்களில், புரட்டாசியில் ஒருமுறை டி புஷ்களையும் ஷேக்கிள்களையும் திறந்து பார்த்துவிடுவது என் வழக்கம். மற்ற ஆர்ம் புஷ்களைச் சத்தமோ ஆட்டமோ இல்லாதவரை தொடுவதில்லை. வாட்டர் சர்வீஸுக்கு வண்டியை விடும்போது, தண்ணீர் கன்னின் முனையைப் புஷ் விளிம்புகளுக்கு நேராகக் கிட்டத்தில் பிடிக்க வேண்டாம் என்றும், கழுவி முடித்ததும் வழக்கம்போல் அடிபாகத்தில் டீசலும் பழைய ஆயிலும் கலந்து ஸ்பிரே அடிக்க வேண்டாம் என்றும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். துரு பிடிக்காமல் இருக்கும் என்று நல்லெண்ணத்தோடுதான் அதை அடிக்கிறார்கள். ஆனால் டீசல் புஷ்ஷின் ஓரத்தில் நிற்கும் கிரீஸ் வளையத்தைக் கரைத்து, பால் ஜாயின்ட் உறையின் மேலும் படிகிறது. மறந்துபோய் அடித்துவிட்டால், அன்றே விளிம்புகளைத் துணியால் துடைத்து, வெளிமுகத்தில் மட்டும் புது கிரீஸை விரலால் அழுத்தி வைத்துவிடலாம். அதற்குப் போல்ட் எதையும் கழற்ற வேண்டியதில்லை.